மதில் போல் நின்ற 12 சலாகைகள்: ஒரு பால் சங்கம் பவர் பிஐ பழகிய விதம்

"என்ன மகள் இது? மாரிக்குப் பட்டியெல்லாம் மேய்ச்சல் தரையில நிக்கிற. இஞ்ச வருசம் முழுக்க ஒரே அளவாப் பால் வந்த மாதிரிக் கிடக்கு?"

சங்கத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் மடிகணினித் திரையைப் பார்த்தார். திரையில் 12 சலாகைகள். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், புதிதாகக் கட்டிய மதில் போல் நின்றன. தலைப்பு, நிறம், மாதப் பெயர் எல்லாம் ஒழுங்கு. அதைக் கீறிய சங்க எழுதுவினைஞர் தங்கச்சிக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் வரைபு. பழக்கியவன் நான். தலைவர் வாய் திறக்கும் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது, எப்படிப் பிடிபட்டது, அதற்குப் பிறகு நான் பழக்கும் முறை ஏன் மாறியது என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். தரவை வரைபாக்கும் மென்பொருளான பவர் பிஐ, எக்செல் என்று பழக வருகிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பழக்குகிறவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்பதே என் ஆசை.

இடமும் பதிவேடும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் போனால் கரடியனாறு வரும். சங்கம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஏறாவூர்ப்பற்றுப் பிரிவு, மற்றவர்கள் உன்னிச்சைப் பக்கம், மண்முனை மேற்கு. பசுவும் இருக்கிறது, எருமையும் இருக்கிறது.

இந்தப் பகுதியில் பால் வருவதும் குறைவதும் வயலோடு கட்டுண்டது. பெரும்போக விதைப்புத் தொடங்கினால் மாட்டை ஊருக்குள் வைத்திருக்க ஏலாது. பட்டிகளைச் சாய்த்துக்கொண்டு மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் போய்விடுவார்கள். வேளாண்மை வெட்டி முடிந்து, வயலில் வைக்கோலும் கட்டையும் கிடக்கும் காலத்தில்தான் மாடுகள் ஊருக்குத் திரும்பும். மாரியில் பாதை சேறாகிவிடும். அங்கே கறக்கிற பாலில் கொஞ்சம்தான் சங்கத்துக்கு வந்து சேரும். இதைப் படுவான்கரையில் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்.

சங்கத்தில் தடித்த அட்டைப் பதிவேடு ஒன்று. ஒவ்வொரு காலையும் உறுப்பினர் இலக்கம், லீற்றர், கொழுப்பு வீதம் என்று எழுதி, பக்கத்தின் அடியில் அன்றைய கூட்டுத்தொகை. கறவை நாளுக்கு விடுமுறை இல்லை என்பதால் 2023ஆம் ஆண்டுக்கு 365 நாட் கூட்டுத்தொகைகளும் இருந்தன. பால் குளிரூட்டும் தாங்கி ஒன்று கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. "வருடத்தில் எப்போது எவ்வளவு பால் வருகிறது என்று வரைபோடு காட்டுங்கள்" என்று தாங்கி தருகிறவர்கள் சொன்னார்கள். அதற்காகத்தான் எழுதுவினைஞர் தங்கச்சி என்னிடம் பழக வந்தார். உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவர். கணினி என்றால் கடிதம் அடிப்பது மட்டும் தெரியும்.

365 நிரைக்குப் பவர் பிஐ எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எக்செல் தாள் ஒன்று 1,048,576 நிரைகளைத் தாங்கும். இந்தக் கணக்கு அதில் ஒரு மூலைக்கும் காணாது. ஆனால் பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். அதற்குள் இருக்கும் பவர் குவரி, நாம் தரவில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வலப்பக்கத்தில் படிப்படியாக எழுதி வைக்கிறது. எந்தப் படியையும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம், அழிக்கலாம். பழகுகிறவருக்கு இது பெரிய துணை. எங்கள் பிழையைப் பிடித்துத் தந்ததும் அந்தப் படிப் பட்டியல்தான்.

என்ன நடந்தது

தலைவர் கேட்டதும் தங்கச்சியின் முகம் வாடிவிட்டது. "சேர், நான் பதிவேட்டில இருந்த மாதிரித்தான் அடிச்சன்" என்றார். நான் பவர் குவரியைத் திறந்தேன். படிப் பட்டியலில் கடைசியில் ஒரு படி: பிழை நிரைகளை நீக்கு, அதாவது ரிமூவ் எரர்ஸ். அந்தப் படிக்கு முன் 365 நிரை. பின் 144.

"இதை ஏன் செய்தனீங்க?"

"திகதி நிரலைத் திகதி வகைக்கு மாத்தினதும் நிறைய இடத்தில எரர் எண்டு வந்திச்சு சேர். வகுப்பு வீடியோவில எரர் வந்தா ரிமூவ் பண்ணச் சொன்னவங்க."

221 நாள் பால் ஒரு சொடுக்கில் போய்விட்டது. மீதி 144 நாளாவது சரியா என்று பார்த்தால், அதிலும் 12 நாள்தான் சரி. எப்படி என்று விளங்க அவருடைய எக்செல் கோப்பைத் திறந்து திகதி நிரலை மட்டும் கிட்டப் பார்த்தோம்.

முதற் கண்ணில் ஒன்றும் தெரியாது. அடித்தது அடித்தபடியே இருந்தது. ஆனால் கலங்களின் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் 1ஆம் திகதியிலிருந்து 12ஆம் திகதி வரை எழுத்து வலப்பக்கம் ஒட்டி நின்றது. 13ஆம் திகதியிலிருந்து மாத முடிவு வரை இடப்பக்கம் ஒட்டி நின்றது. பிறகு அடுத்த மாதம், மறுபடியும் 12 நிரை வலம், மிச்சம் இடம். வருடம் முழுக்க அதே கோலம். எக்செல் திகதியையும் எண்ணையும் வலப்பக்கம் ஒட்டும். வெறும் எழுத்தை இடப்பக்கம் ஒட்டும். இடப்பக்கம் நின்றவற்றை அது திகதியாகவே ஏற்றுக்கொள்ளவில்லை.

காரணம் அந்த மடிகணினி. பாவித்த கணினி, அமெரிக்க அமைப்போடு வந்தது. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்க அமைப்பு மாதம், நாள், ஆண்டு என்று வாசிக்கும். தங்கச்சி 3/11/2023 என்று நவம்பர் 3ஐ அடித்தார். கணினி அதை மார்ச் 11 என்று எடுத்துக்கொண்டு, திரையில் 3/11/2023 என்றே காட்டியது. அடித்ததும் காட்டியதும் ஒன்று, பொருள் மட்டும் வேறு. 13/11/2023க்கு 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எழுத்தாகவே விட்டுவிட்டது. பவர் பிஐக்குள் போனதும் அந்த எழுத்துகள்தான் பிழையாகி, அழிக்கப்பட்டன.

இனி அந்த மதில் ஏன் வந்தது என்று பாருங்கள். ஜனவரி 3, பெப்ரவரி 3, மார்ச் 3 என்று 12 மாதத்தினதும் 3ஆம் திகதிகள் எல்லாம் மார்ச்சுக்குள் போய் விழுந்தன. 12 மாதத்தினதும் 4ஆம் திகதிகள் ஏப்ரலுக்குள். ஆகவே வரைபில் தெரிந்த ஒவ்வொரு "மாதத்திலும்" 12 நாள், உண்மையான மாதம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நாள். மாரியும் கோடையும், பட்டி போன காலமும் வந்த காலமும் ஒவ்வொரு சலாகைக்குள்ளும் சம பங்காகக் கலந்துவிட்டன. ஒரே உயரம் வராமல் வேறென்ன வரும்? ஜனவரி 1, பெப்ரவரி 2, மார்ச் 3 என்று நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்த 12 நாள்கள் மட்டும் தம் இடத்தில் நின்றன.

இதில் என்னை உறுத்துவது ஒன்று. வரைபு கன்னாபின்னா என்று வந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். அமைதியாக, அழகாக வந்ததால் நம்பினேன். பிரான்சிஸ் அன்ஸ்கொம் என்ற புள்ளிவிபரவியலாளர் 1973இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். இடை, மாறற்றிறன், இணைபு எல்லாம் நான்கிலும் ஏறத்தாழ ஒன்று. கீறிப் பார்த்தால் நான்கும் நான்கு விதம். எண்ணை மட்டும் நம்பாமல் படம் கீறிப் பார் என்று வகுப்பில் நான் அதைக் காட்டுவது வழக்கம். படத்தை மட்டும் நம்பாமல் நிரையை எண்ணிப் பார் என்பதை நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் குறை என்னுடையது.

திருத்தியது

தங்கச்சி ஒரு வழி சொன்னார்: "நாள் ஒழுங்காத்தானே அடிச்சிருக்கன் சேர், முதல் கலத்தில ஜனவரி 1 போட்டுக் கீழ இழுத்து விடட்டா?" கெட்டித்தனமான யோசனை. ஆனாலும் நான் மறித்தேன். நடுவில் ஒரு நாள் விடுபட்டிருந்தாலோ, ஒரு நாள் இரண்டு தரம் பதிந்திருந்தாலோ, அதற்குக் கீழே எல்லாம் ஒரு நாள் தள்ளிவிடும். திகதிகள் வெளியில் அழகாக ஓடும், பிழை உள்ளே ஒளித்துக்கொள்ளும். இப்போதுதான் அப்படியொரு அழகில் ஏமாந்து எழும்பியிருக்கிறோம்.

ஆகவே பக்கத்தில் புதிய நிரல் ஒன்று போட்டோம். திகதியாக மாறிவிட்ட கலங்களுக்கு, டேட் சார்பில் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிக் கொடுத்தோம். எழுத்தாக நின்ற கலங்களுக்கு, முதல் இரண்டு இலக்கத்தை நாளாகவும் இரண்டு சாய்கோட்டுக்கும் நடுவில் நின்றதை மாதமாகவும் கடைசி நான்கை ஆண்டாகவும் வெட்டி எடுத்தோம். எந்தக் கலம் எந்த வகை என்று பிரிக்க ஐஎஸ்நம்பர் சார்பு போதும். பழைய நிரலை அழிக்கவில்லை. மூலம் கையில் இருக்க வேண்டும்.

கோப்பில் எதுவும் மாறாத வெறும் எழுத்தாகத் திகதி இருந்தால் இவ்வளவு பாடு தேவையில்லை. பவர் குவரியில் நிரலின் தலைப்பில் வலச் சொடுக்குச் செய்து, வகை மாற்று என்பதற்குள் யூசிங் லொகேல் என்பதைத் தெரிந்து, பிரித்தானிய ஆங்கிலத்தைக் கொடுத்தால் நாள் முதலாகச் சரியாக வாசிக்கும். இதை முதலே தெரிந்திருந்தும் நான் காட்டாமல் விட்டேன். இப்போது சங்கத்தில் திகதியை 2023-11-03 என்று ஆண்டு முதலாக அடிக்கிறார்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை அது. எந்த நாட்டு அமைப்புள்ள கணினியும் அதைத் தலைகீழாக வாசிக்காது.

புதிய வரைபு வந்தபோது தலைவர் ஒன்றும் பேசவில்லை, விரலால் திரையைத் தொட்டுக்கொண்டே போனார். பங்குனி, சித்திரையில் சலாகைகள் எழும்பி நின்றன. ஐப்பசியிலிருந்து படிப்படியாக இறங்கின. "இதுதான் எங்கட வருசம்" என்றார். மறுகா என்னைப் பார்த்து, "தம்பி, முதல் படத்தைக் குடுத்திருந்தா சின்னத் தாங்கிதான் தந்திருப்பாங்க" என்றார். அது உண்மை. தாங்கியின் கொள்ளளவைச் சராசரி நாளை வைத்து முடிவு செய்ய முடியாது, பால் உச்சத்தில் வரும் நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மதில் வரைபில் உச்சமே இல்லை. போதாக்குறைக்கு, 365 நாளில் 144 நாள்தான் இருந்ததால் ஆண்டுக் கூட்டுத்தொகையையும் உண்மையான தொகையில் ஏறத்தாழ 40 வீதமாகவே காட்டியிருக்கிறது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆண்டுக் கூட்டுத்தொகை கையால் எழுதிக் கிடந்தது. அதோடு ஒரு தரம் ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஒரே ஊர், இரண்டு எழுத்து

நாட் கணக்கு முடிந்து உறுப்பினர் கணக்குக்குப் போனோம். பிரிவு வாரியாகப் பால் எவ்வளவு என்று கீறினால் இரண்டு நிறம் வர வேண்டும், மூன்று வந்தது. பட்டியலில் ஏறாவூர்ப்பற்று இரண்டு தரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

உறுப்பினர் பட்டியலில் ஒரு பகுதி முன்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் முகமூடி. பவர் பிஐயில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் முகமூடி கழன்று வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தெரியும். அதனால் முன்பே யாரோ யுனிகோடுக்கு மாற்றியிருந்தார்கள். மாற்றும்போது "ர்" வர வேண்டிய இடத்தில் கால் குறியும் அதன் மேல் புள்ளியும் வந்துவிட்டது. "ஏறாவூர்" என்பது "ஏறாவூா்" ஆகிவிட்டது. வாசிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு ரகரம் ஒரு எழுத்து, கால் வேறொரு எழுத்து. ஆகவே அது இரண்டு ஊர். பவர் குவரியில் மதிப்பு மாற்று என்று கொடுத்துத் திருத்தினோம். இலங்கையில் தமிழ்த் தரவோடு வேலை செய்கிற எவரும் இதைச் சந்திப்பார்கள், ஆங்கிலத்தில் நடக்கும் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

தமிழ் மாதப் பெயரை வரிசைப்படுத்தினால் தைக்கு (ஜனவரி) முன் ஆடி (ஜூலை) வந்து நிற்கும் சிக்கலும் வந்தது. மாத எண்ணுக்கு ஒரு நிரல் போட்டு, சோர்ட் பை கொலம் என்பதில் அதைக் கொடுத்தால் சரி.

கொழுப்பு

பாலுக்கு விலை வெறும் லீற்றருக்கு இல்லை. கொழுப்பும் கொழுப்பற்ற திண்மமும் பார்த்துத்தான் போடுவார்கள். கொள்வனவு செய்கிறவர்கள் தாங்கியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்துக் கொடுக்கும் கொழுப்பு வீதம், சங்கத்தின் கணக்கை விடக் குறைவாக வருகிறது என்று உறுப்பினர்களிடம் நீண்ட நாள் மனக்குறை இருந்தது. "அதையும் கணினியில பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள்.

கொழுப்பு நிரலை வரைபில் இழுத்துப் போட்டதும் பெரிய எண் ஒன்று வந்தது. பவர் பிஐ எண் நிரலைக் கண்டால் கேட்காமலே கூட்டிவிடும். நிரலின் பெயருக்குப் பக்கத்தில் சிக்மா அடையாளம் இருந்தால் அதற்கு அர்த்தம் அதுதான். கொழுப்பு வீதத்தைக் கூட்டுவதில் ஒரு பொருளும் இல்லை என்று தங்கச்சியே கண்டுபிடித்தார். கூட்டலைச் சராசரியாக மாற்றினார். நம்பக்கூடிய எண் வந்தது. எனக்கு அதுதான் கூடுதல் பயம்.

அவரிடம் ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தேன். ஒரு வீட்டிலிருந்து எருமைப் பால் 2 லீற்றர், கொழுப்பு 7. இன்னொரு வீட்டிலிருந்து பசுப்பால் 8 லீற்றர், கொழுப்பு 4. சராசரி என்ன?

"ஏழும் நாலும் பதினொண்டு, பாதி அஞ்சரை."

"ரெண்டையும் ஒரே தாங்கியில ஊத்திக் கலக்கிச் சோதிச்சா?"

கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பதிவேட்டின் பின் அட்டையில் பென்சிலால் போட்டார். இரண்டை ஏழால் பெருக்கினால் 14. எட்டை நான்கால் பெருக்கினால் 32. கூட்டினால் 46. பத்து லீற்றரால் பிரித்தால் 4.6. பென்சிலை வைத்துவிட்டு, "அப்ப அவங்க சொன்னது சரிதானா சேர்?" என்றார்.

சங்கம் அதுவரை கையால் போட்டதும் வீட்டு எண்ணிக்கையால் பிரித்த சராசரிதான். எருமை வைத்திருக்கிறவர்கள் கொஞ்சப் பால் கொண்டுவந்தாலும் அவர்களுடைய உயர்ந்த கொழுப்பு முழு எடையோடு கணக்கில் ஏறியிருந்தது. நிறையிட்ட இடையாக, அதாவது லீற்றர் அளவுக்கு ஏற்ற சராசரியாகத் திருத்தியதும் இரண்டு பக்கக் கணக்கும் கிட்ட வந்துவிட்டன. பவர் பிஐயில் இதற்கு ஒரு மெஷர், அதாவது கணக்கிடும் சூத்திரம் எழுத வேண்டும்: ஒவ்வொரு நிரையிலும் லீற்றரைக் கொழுப்பால் பெருக்கி சம்எக்ஸ் சார்பால் கூட்டி, மொத்த லீற்றரால் பிரிப்பது. எக்செலில் சம்புரொடக்ட் அதே வேலையைச் செய்யும். சார்பின் பெயரைத் தங்கச்சி இன்னும் மறந்து மறந்து கேட்பார். தாங்கியில் ஊற்றிக் கலக்கும் கதையை மறக்கமாட்டார். இன்னொருவருக்கு அவரே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டேன்.

பழக்கும் முறையில் மாற்றியது

பவர் பிஐ கூடவே ஒரு மாதிரித் தரவைத் தருகிறது. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி, மெக்சிக்கோ, அமெரிக்கா ஆகிய நாடுகளின் விற்பனைக் கணக்கு. நானும் பல வகுப்புகளில் அதைத்தான் பாவித்தேன். வரைபு பளிச்சென்று வரும், பிள்ளைகளுக்கும் உற்சாகம். ஆனால் மெக்சிக்கோ இலாபம் தாறுமாறாகத் தெரிந்தால் கரடியனாற்றுப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்? எனக்கே விளங்காது. தெரியாத ஊரின் கணக்கில் பிழையைக் காண யாருக்கும் கண் இல்லை. தலைவருக்குப் பவர் பிஐ என்ற பெயரே அன்றைக்குத்தான் தெரியும், ஆனால் எங்கள் இருவரையும் விட அந்த வரைபை நன்றாக வாசித்தவர் அவர்தான். நாற்பது வருடம் மாட்டோடு நின்ற மனிதர்.

ஆகவே இப்போது என்னிடம் வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கோடுதான் வர வேண்டும். கல்முனையிலிருந்து வந்த ஒருவர் கடையின் நாள் விற்பனையைக் கொண்டுவந்தார். வாழைச்சேனைப் பிள்ளை ஒன்று தகப்பனின் மீன் கணக்கைக் கொண்டுவந்தது. முதல் இரண்டு நாளும் வரைபே கீறுவதில்லை. நிரை எத்தனை, கூட்டுத்தொகை எவ்வளவு, கையெழுத்துப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான். சிலருக்கு அலுப்பாக இருக்கும், ஓரிருவர் திரும்பி வருவதில்லை. ஆனாலும் இந்த ஒழுங்கை நான் விடப்போவதில்லை. எரர் வந்த நிரையை அழிக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. அதைத் தனியாக எடுத்து வைத்து ஏன் வந்தது என்று எழுத வேண்டும்.

வரைபு வகை பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. காலத்தோடு மாறுவது என்றால் கோடு அல்லது சலாகை. மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளையும் ஒரே வட்ட வரைபுக்குள் திணிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

பவர் பிஐ இணையச் சேவையில் பதிய ஜிமெயில் முகவரி செல்லாது, நிறுவன அல்லது கல்வி நிலைய மின்னஞ்சல் வேண்டும். சங்கத்திடம் அது இல்லை. ஆகவே வரைபை அச்செடுத்துப் பால் அளக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினோம். யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லதாகப் போய்விட்டது. காலையில் பால் கொண்டுவருகிற எல்லாரும் அதன் முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

போன மாதம் நான் அங்கே போனபோது, நாள் வாரியான கோட்டு வரைபைத் தங்கச்சி ஒட்டியிருந்தார். வயதான அம்மா ஒருவர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோடு திடீரென்று குழிந்திருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன புள்ள, எங்கட எருமைக்கு வாய்க்கோமாரி வந்த கிழமையா?" தங்கச்சி பதிவேட்டைப் புரட்டித் திகதி பார்த்தார். அதே கிழமைதான். விரிதாளில் புதிதாகச் சேர்த்திருந்த "குறிப்பு" நிரலில், அந்த ஏழு நாளுக்கும் நேரே அதைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்தார்.